கிளப் ரூம் ஃபுல், கடைசி நேரத்தில் மலையில் எங்கே தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைம்ஷேர் மெம்பர்ஷிப் (பணம் கட்டிச் சேர்ந்து, வருடத்துக்குச் சில நாள் கிளப்பின் ரிசார்ட்டுகளில் தங்கும் உரிமை) வைத்திருப்பவர்கள் ஏப்ரல், மே வந்தால் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, கிளப்பில் இடமில்லை, இப்போது என்ன செய்வது? அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு பக்கம். நெருக்கடி அங்கேதான் அதிகம்.

பத்து வருஷமா மெம்பர். மே மாசம் ஊட்டிக்கு ஒரு தடவைகூட ரூம் கிடைக்கல. இது ஏமாத்து வேலையா?

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, எந்தப் பருவத்துக்குப் பணம் கட்டினீர்கள் என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் மெம்பர்ஷிப் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு ரிசார்ட்டில் குறிப்பிட்ட ஒரு வாரம் அல்ல. வருடத்துக்கு இத்தனை நாள், இந்தப் பருவம், இந்த அளவு ரூம் என்பதுதான். கிளப் மஹிந்திரா பருவங்களை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறத்தால் பிரிக்கிறது. மற்றவர்களிடம் வேறு பெயர் இருக்கும். மேல் பருவத்துக்காரர் கீழ்ப் பருவ நாள்களை எடுக்கலாம், கீழிருந்து மேலே வழக்கமாக முடியாது. மலைக்கு மே மாதம் உச்சப் பருவம். உங்களுடையது கீழ்ப் பருவமாக இருந்தால், எத்தனை தடவை தேடினாலும் திரையில் எதுவும் வராது.

பருவம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால், காரணம் கணக்கில் இருக்கிறது. மெம்பர்கள் வருடம் முழுக்கப் பரவிப் போவார்கள் என்ற கணக்கில்தான் இந்த முறையே ஓடுகிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிக் குடும்பங்கள் அத்தனைக்கும் லீவு அதே ஆறேழு வாரம்தான். புக்கிங் திறக்கும் நாளிலேயே, பல மாதம் முன்னால், எடுத்து வைப்பவர்களுக்குத்தான் அந்த வாரங்கள் போகின்றன. விற்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லாதது பெரிய குறைதான். அதற்கு என்ன செய்யலாம் என்று கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

ஆப்ல மெம்பர் ரூம் ஃபுல். அதே ரிசார்ட், அதே தேதி, மேக்மைட்ரிப்ல ரூம் இருக்குன்னு காட்டுது. எப்படி?

இரண்டும் வேறு வேறு ஒதுக்கீடு. பல கிளப் ரிசார்ட்டுகள் ஒரு பகுதி ரூம்களை வெளியாருக்கு ஹோட்டல் ரூம் போலவே காசுக்கு விற்கின்றன. ‘ஃபுல்’ என்றால் மெம்பர் பங்கு தீர்ந்தது என்று அர்த்தம், கட்டடத்தில் இடமே இல்லை என்று அல்ல.

உடனே வெளித்தளத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். ரிசார்ட்டின் முன்பதிவு எண்ணுக்குப் போன் செய்து, “நான் மெம்பர், என் நாள்களைக் கழிக்க வேண்டாம், காசு கட்டி எடுத்தால் மெம்பருக்கு என்ன ரேட்?” என்று கேளுங்கள். பல கிளப்புகளில் மெம்பருக்குத் தள்ளுபடி உண்டு. ரெஸ்டாரண்ட் சலுகையும் சில இடங்களில் சேரும். இந்த ஒரு போன்காலை முதலில் செய்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

மத்தவங்க கேன்சல் பண்ற ரூம் எப்போ திரும்பி வரும்?

கேன்சல் செய்தால் நாள்கள் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் கெடு ஒன்று ஒவ்வொரு கிளப்பிலும் உண்டு. அந்தக் கெடு தாண்டினால் நாள்களில் ஒரு பங்கோ முழுவதுமோ போய்விடும். அதனால், போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருப்பவர்கள் கெடுவுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில்தான் ரூமை விடுவார்கள். உங்கள் கிளப்பின் விதிப் புத்தகத்தில் அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடியுங்கள். கெடு 15 நாள் என்று வைத்துக்கொண்டால், மே 20 செக்-இன்னுக்கு மே 2 முதல் 5 வரை காலையும் இரவும் பாருங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் இருந்தால் பெயரைக் கொடுத்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நீங்கள் கேட்ட மூன்று இரவும் ஒன்றாகக் காலியானால்தான் பல இடங்களில் லிஸ்ட் நகரும். ஒரே ஒரு இரவு காலியானால் அது தேடுகிறவர் கைக்கே போகும்.

தேடித் தேடிக் கண்ணு வலிக்குது, எல்லா தேதியும் ‘இல்லை’ன்னே காட்டுது. நான் தேடுற விதத்துல தப்பு இருக்கா?

மூன்று இரவை ஒன்றாகப் போட்டுத் தேடினால், நடுவில் ஒரு இரவு இல்லாவிட்டாலும் முழுவதும் ‘இல்லை’ என்றே வரும். ஒவ்வொரு இரவாகத் தேடுங்கள். செவ்வாய் இரவு இருக்கிறது, புதன் இல்லை, வியாழன் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், புதன் ஒரு இரவுக்கு மட்டும் பக்கத்தில் வெளி ரூம் எடுத்தால் போதும். பெட்டியை ஒரு தடவை கூடுதலாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ரூம் வகை. ஒரு பெட்ரூம் வீடு இல்லாவிட்டால் ஸ்டுடியோ (தனி பெட்ரூம் இல்லாத ஒற்றை ரூம்) இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய ரூமுக்கு நாள்கள் குறைவாகக் கழியும் கிளப்புகளும் உண்டு. பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்ற உச்ச எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள். செக்-இன்னில் எண்ணிப் பார்ப்பார்கள். கூடுதல் ஆளுக்கு அங்கேயே பணம் கேட்பார்கள் அல்லது மறுப்பார்கள்.

கிழமையும் முக்கியம். வெள்ளி, சனி இரவுகள்தான் முதலில் தீரும். ஞாயிறு மதியம் செக்-இன் செய்து வியாழன் காலி செய்கிற மாதிரி லீவு போட முடிந்தால், வாய்ப்பு நன்றாகவே கூடும்.

ஆர்சிஐ மெம்பர்ஷிப்பும் சேர்த்துத்தான் குடுத்தாங்க. அதுல கிடைக்காதா?

கிடைக்கலாம், ஆனால் மே மாத ஊட்டிக்கு அதை நம்ப வேண்டாம். ஆர்சிஐ என்பது 1974-இல் அமெரிக்காவில் தொடங்கிய பரிமாற்ற நிறுவனம். உங்கள் நாள்களை அங்கே போட்டு வேறு கிளப்பின் ரிசார்ட்டை எடுப்பதுதான் அடிப்படை. எல்லோரும் விரும்பும் வாரத்தை யாரும் பரிமாற்றத்துக்குப் போடுவதில்லை.

கடைசி நேரத்துக்கென்று அங்கே ‘லாஸ்ட் கால்’ என்று ஒரு பிரிவு உண்டு. செக்-இன்னுக்கு 45 நாளுக்குள் மிச்சமிருக்கும் ரூம்களை, நாள்களைப் போடாமலே, காசுக்குக் கொடுப்பார்கள். இடம் எதுவானாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு எங்காவது போனால் போதும் என்பவர்களுக்கு அது பயன்படும். மலைதான் வேண்டும் என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

சரி, வெளியிலதான் எடுக்கணும். முதல்ல எங்க பார்க்கறது?

பெரும்பாலானோர் தவறவிடுவது அரசு விடுதிகளை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் இருக்கிறது. ஊட்டியில் கர்நாடக அரசின் ‘மயூரா சுதர்ஷன்’ ஃபர்ன்ஹில் பகுதியில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் அந்தத் தளத்தில் தேடுவதே குறைவு. மூணாறில் கேரள அரசின் ‘டீ கவுண்டி’. ஊட்டி ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் ஆனந்தகிரி விடுதியில் குடும்பங்களும் தங்கலாம். இவற்றைப் பெரிய ஆப்களில் மட்டும் தேடாமல், அவரவர் தளத்திலும் போனிலும் கேளுங்கள்.

அதன்பிறகு ஆப்கள். இரண்டு மூன்று ஆப்பில் பார்த்து, ‘இலவச கேன்சல்’ உள்ள ரூம் ஒன்றை உடனே பிடித்து வையுங்கள். கையில் ஒன்று இருந்தால்தான் நிதானமாகத் தேட முடியும். எந்தத் தேதி, எத்தனை மணி வரை இலவசம் என்று அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனில் அலாரமும் வையுங்கள். சீசனில் பல விடுதிகள் இந்த வசதியையே எடுத்துவிடும். அப்போது ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கட்டினால் பணம் வராது.

ஊட்டியிலயே தங்கணுமா? சுத்தி எங்கெல்லாம் தங்கலாம்?

அவசியமே இல்லை. சீசனில் ஊட்டி டவுனுக்குள் சேரிங்கிராஸைத் தாண்டவே நேரம் போய்விடும். குன்னூர் ஊட்டியிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக் எல்லாம் அங்கேயே இருப்பதால் ஒரு நாள் ஊட்டிக்குப் போய் வந்தால் போதும். கோத்தகிரி சுமார் 30 கிலோமீட்டர், கூட்டமும் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள்: மே மாதத்தில் போலீசார் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற குன்னூர் பாதை, இறங்கக் கோத்தகிரி பாதை என்று ஒருவழியாக்குவது வழக்கம். கோத்தகிரியில் ரூம் எடுத்தால் அந்த நாள்களில் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள்.

மசினகுடியை மேப்பில் பார்த்தால் ஊட்டியிலிருந்து 30 கிலோமீட்டர்தான் என்று தோன்றும். அது கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். பிரேக் பிடிக்காமல் போன விபத்துகள் பல நடந்ததால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றிப் போனால் கிட்டத்தட்ட 67 கிலோமீட்டர். தினமும் ஊட்டிக்கு வந்து போகலாம் என்ற நினைப்பில் அங்கே ரூம் எடுக்காதீர்கள். காட்டோரம் இருப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் நல்ல இடம்தான்.

கொடைக்கானலுக்கு, வத்தலகுண்டு வழியில் 10, 12 கிலோமீட்டர் முன்னால் பெருமாள்மலை. பழனி பாதையும் அங்கேதான் வந்து சேர்கிறது. டவுனைவிட ரேட் குறைவாகக் கிடைக்கும். அமைதி போதும் என்றால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. மூணாறுக்கு, கொச்சி பக்கமிருந்து வந்தால் ஆனச்சால், பள்ளிவாசல்; போடி வழியாக வந்தால் சின்னக்கானல், சூரியநெல்லி. போடிப் பாதையில் வருகிற நம்மூர்க்காரர்களுக்குச் சின்னக்கானல் டவுனுக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் சௌகரியம்.

ரூம் புக் பண்ணிட்டா ஈ-பாஸ் தானா வந்துடுமா?

வராது. இரண்டும் தனித்தனி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு ஈ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் பாஸ் தேவையில்லை. மூணாறுக்கும் ஏற்காட்டுக்கும் இந்த ஏற்பாடு இல்லை.

கடைசி நேரப் பயணத்தில் இதுதான் காலை வாரும். சனிக்கிழமைக்கு ரூம் கிடைத்திருக்கும், பணமும் கட்டியாகியிருக்கும், அன்றைய பாஸ் தீர்ந்திருக்கும். அதனால் பணம் திரும்பாத ரூமைக் கட்டுவதற்கு முன்னால், அரசின் ஈ-பாஸ் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்து உங்கள் வண்டிக்குப் பாஸ் எடுத்துவிடுங்கள். வண்டி எண், ஆள் எண்ணிக்கை, வரும் நாள், போகும் நாள் எல்லாம் கேட்பார்கள். வாடகைக் கார் என்றால் வரப்போகும் வண்டியின் எண்ணை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் வண்டி மாறினால் சோதனைச் சாவடியில் மறுபடி எல்லாம் முதலிலிருந்து.

ஊட்டிக்குப் பாஸ் கிடைக்கவே இல்லையா? மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். மேலே உள்ளூர் டாக்ஸி கிடைக்கும்.

ஹோட்டலுக்கு நேரா போன் பண்ணா ரேட் குறையுமா? என்ன கேக்கணும்?

ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சம் என்பதால் சிறிய விடுதிகள் பெரும்பாலும் குறைப்பார்கள். நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். காலை 11, 12 மணிக்கு ரூம்கள் காலியாகிக்கொண்டிருக்கும், யார் ஒரு நாள் நீட்டிக்கிறார்கள், யார் இல்லை என்று அப்போது தெரியும். மாலை 4 மணிக்கு மேல், வராதவர்களின் ரூமைப் பற்றி முடிவெடுப்பார்கள். “ரூம் இருக்கா?” என்று மட்டும் கேட்டால் “இல்லை” என்று வைத்துவிடுவார்கள். “ஏஜென்ட் பிளாக்கில் இருந்து ரிலீஸ் ஆன ரூம் இருக்கா? இன்னைக்கு வர வேண்டியவங்க யாராவது கேன்சல் பண்ணியிருக்காங்களா? நாங்க 5 மணிக்குள்ள வந்துடுவோம்” என்று கேளுங்கள். டிராவல் ஏஜென்ட்கள் மொத்தமாகப் பிடித்து வைத்து விற்க முடியாமல் போனவை கடைசி இரண்டு நாளில்தான் திரும்பி வரும்.

ரேட் சொன்னால் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,500 ரூபாய் ரூம் வரியோடு 7,875. 8,000 ரூபாய் ரூம் வரியோடு 9,440. ரேட்டில் 500 ரூபாய்தான் வித்தியாசம், கையிலிருந்து போவது 1,565. 8,000 சொல்கிறவரிடம் 7,500-க்குக் கேளுங்கள். அந்த 500-ஐ அவர் விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு மூன்று மடங்கு மிச்சம்.

கூடவே கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, காலை டிபன் உண்டா, வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கார் நிறுத்த இடம் உண்டா, டிரைவர் தூங்க இடம் உண்டா. குளிரில் டிரைவரைக் காருக்குள் படுக்க விடாதீர்கள். மறுநாள் அந்த வளைவுகளில் ஓட்டப் போகிறவர் அவர்தான்.

முழுப் பணத்தையும் ஜிபேல அனுப்பினாதான் ரூம்னு சொல்றாங்க. அனுப்பலாமா?

முழுப் பணம் வேண்டாம். சீசனில் அட்வான்ஸ் கேட்பது நியாயம்தான், ஒரு இரவு வாடகையோடு நிறுத்துங்கள். மோசடிக்காரர்கள் உண்மையான விடுதியின் படங்களைத் திருடித் தளம் போடுவார்கள், அல்லது மேப்பில் விடுதியின் எண்ணை மாற்றித் தங்கள் எண்ணைப் போடுவார்கள். பெயரும் படமும் சரியாக இருக்கும், பணம் போகும் இடம் மட்டும் வேறு.

யூபிஐயில் பணம் போடும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். விடுதியின் பெயரோ உரிமையாளர் பெயரோ இல்லாமல் சம்பந்தமில்லாத தனிநபர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். விடுதியின் எண்ணை வேறு இரண்டு இடத்தில் தேடி ஒப்பிடுங்கள். வீடியோ காலில் வரவேற்பறையையும் பெயர்ப்பலகையையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான விடுதிக்காரர் சலித்துக்கொண்டாலும் காட்டிவிடுவார். “இன்னும் அஞ்சு நிமிஷத்துல வேற ஆளுக்குப் போயிடும்” என்று விரட்டினால், போகட்டும் என்று விடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

ஹோம்ஸ்டே பரவாயில்லையா? வெளிநாட்டுல இருந்து வந்த சொந்தக்காரங்களும் கூட இருக்காங்க.

நல்ல ஹோம்ஸ்டே கிளப் ரூமுக்குக் கிட்டத்தட்ட சமம். சமையலறை இருக்கும், பத்துப் பேர் ஒரே வீட்டில் தங்கலாம். உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். மலையில் அனுமதியில்லாத கட்டடங்களுக்கு அவ்வப்போது சீல் வைக்கிறார்கள். மசினகுடி சுற்றிய சீகூர் யானை வழித்தட வழக்கில் 2018-இல் பல ரிசார்ட்டுகள் மூடப்பட்டன, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழித்தடத்தை உறுதி செய்தது. பழைய படங்கள் இன்னமும் இணையத்தில் சுற்றுகின்றன. கடந்த மாதம் தங்கியவர்கள் எழுதிய விமர்சனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை விடுதி இணையத்தில் பதிய வேண்டும். ‘சி படிவம்’ என்பார்கள். அந்தப் பதிவு இல்லாத வீடுகள் வாசலில் வைத்து மறுத்துவிடும். இலங்கை, மலேசியா, கனடா என்று எங்கிருந்து வந்த உறவினரானாலும் இதுதான். ரூம் பேசும்போதே, “ஃபாரின் பாஸ்போர்ட் ஒருத்தர் இருக்காங்க, சி படிவம் போடுவீங்களா?” என்று கேளுங்கள்.

ரூம் இல்லாமலே கிளம்பிட்டோம். இருட்டிடுச்சு. இப்போ?

மேலே ஏறாதீர்கள். அடிவாரத்தில் தங்கிவிட்டு விடியலில் ஏறுங்கள். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் அல்லது கோவை, கொடைக்கானலுக்கு வத்தலகுண்டு அல்லது பழனி, மூணாறுக்குப் போடி அல்லது தேனி, ஏற்காட்டுக்குச் சேலம். லாட்ஜ்கள் கிடைக்கும், ரேட்டும் மலையின் பாதிக்குள் முடியும். காலை 6 மணிக்கு ஏறினால் கூட்டத்துக்கு முன்னால் மேலே இருப்பீர்கள். காலை 11 மணிக்கு ரூம் தேடுவதும் அங்கேயே நடக்கும்.

மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 8 மணிக்குள் குண்டலுப்பேட்டையைத் தாண்ட முடியாது என்று தோன்றினால் அங்கேயே ரூம் போடுங்கள். ரயிலில் வந்தவர்கள் ஸ்டேஷன் ஓய்வறையையும் பார்க்கலாம். உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் இருந்தால் ஐஆர்சிடிசியில் மணிக்கணக்கில் பதியலாம். கார்க்காரர்களுக்கு அது கிடையாது.

ஃபேஸ்புக்ல ஒரு மெம்பர் தன்னோட நாளை விக்கிறார். வாங்கலாமா?

ஒரே ஒரு நிலையில் மட்டும். கிளப் விதி விருந்தினரை அனுமதிக்க வேண்டும், அவர் தன் கணக்கிலிருந்து உங்கள் பெயரில் விருந்தினர் புக்கிங் போட வேண்டும், நீங்கள் ரிசார்ட்டுக்குப் போன் செய்து உங்கள் பெயர் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். அதன்பிறகுதான் பணம். காசுக்கு விற்பதைத் தடை செய்யும் கிளப்பாக இருந்தால் வேண்டவே வேண்டாம். செக்-இன் மேஜையில் மறுத்தால் குடும்பத்தோடு வாசலில் நிற்கப் போவது நீங்கள். அவருடைய ஆண்டுச் சந்தா பாக்கி இருந்தாலும் புக்கிங் செல்லாமல் போகலாம். அதையும் கேளுங்கள்.

ரூம் கிடைக்காத வருஷத்து நாள்கள் போச்சா? சந்தா மட்டும் கட்டிட்டே இருக்கணுமா?

நாள்களை அடுத்த வருடத்துக்குச் சேர்த்து வைக்க பல கிளப்புகள் விடுகின்றன. எத்தனை வருடம், எத்தனை நாள் வரை என்பதற்கு உச்சவரம்பு இருக்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். சேர்ந்த நாள்களை ஜூலை, ஆகஸ்ட் மழையில் குன்னூரிலோ, பொங்கலுக்குப் பிந்தைய ஜனவரியிலோ செலவழிப்பது எளிது. பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாத வீட்டுப் பெரியவர்களை அனுப்பிவையுங்கள், நன்றாக ஓய்வெடுப்பார்கள்.

குறையைச் சொல்வதானால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். புக்கிங் திறந்த நாளில் முயன்று கிடைக்காத திரையை, தேதியும் நேரமும் தெரிய ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனில் சொன்ன பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். விற்றவர் “எப்ப வேணாலும் கிடைக்கும்” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, அங்கே பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோபத்தில் சந்தாவை மட்டும் நிறுத்தாதீர்கள். பாக்கி வைத்தால் புக்கிங் உரிமை நின்றுபோகும், வட்டியும் ஏறும், பிறகு ஆணையத்தில் முதல் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.